கலாசாலையும் கஞ்சித் தொட்டியும்

அறிவு ஓரிடத்திலும் இரக்கம் மற்றோரிடத்திலுமாகப் பிரிந்து கிடப்பது எந்த நாட்டிற்கும் நல்லதன்று. மழையின் அளவையும் ஆற்றின் போக்கையும் காற்றின் வேகத்தையும் கணக்கிட்டு அறியும் வித்தை சர்வகலாசாலைகளில் இருக்கிறது. புயலிலும் வெள்ளத்திலும் வீடிழந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் மனம் நிவாரணச் சங்கங்களில் இருக்கிறது. ஆனால் முன்னதிலே பிறக்கும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் அலமாரிகளில் உறங்குகின்றன. பின்னதிலே உழைக்கும் தொண்டர்களோ, எந்தக் கிராமத்தில் எப்பொழுது தண்ணீர் புகும், எவரை முதலில் அப்புறப்படுத்த வேண்டும் என்பதை அறியாமல், வெள்ளம் புகுந்த பிறகு படகைத் தேடி ஓடுகிறார்கள். இவ்விரண்டையும் இணைப்பதற்கு உலகின் சில பாகங்களில் ஓர் எளிய உபாயம் கையாளப்பட்டு வருகிறது. கலாசாலையில் படிக்கும் மாணாக்கரைச் சில மாத காலம் நிவாரண ஸ்தாபனங்களில் ஆராய்ச்சி வேலைக்கு அமர்த்துவதே அவ்வுபாயம். பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இவ்வேற்பாடு உயிர்களைக் காக்கும் வன்மையுடையது என்பதையும், நம்மவர் இதனை எவ்விதம் மேற்கொள்ளலாம் என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

மாறி வரும் பருவம்

பூமியின் உஷ்ணம் ஏறி வருகிறது என்பது இன்று வாதத்திற்குரிய விஷயமன்று. 1850 முதல் 1900 வரையுள்ள காலத்தோடு ஒப்பிட்டால், 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டுகளில் பூமியின் மேற்பரப்பு சுமார் 1.1 டிகிரி சூடேறியிருந்ததாகப் பல தேசத்து விஞ்ஞானிகள் ஒன்று கூடிய பருவநிலை மாறுதல் பற்றிய சர்வதேசக் குழு கணக்கிட்டிருக்கிறது. ஒரு டிகிரி என்றால் என்ன பிரமாதம் என்று சிலர் எண்ணலாம். சூடேறிய கடல் புயலுக்கு அதிக வலிமையைத் தருகிறது. சூடேறிய காற்று அதிக நீராவியைச் சுமந்து வந்து ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. மழை பெய்யாத காலத்தில் அதே உஷ்ணம் நிலத்தின் ஈரத்தை விரைவில் உறிஞ்சி விடுகிறது. ஆகவே அதிக மழையும் அதிக வறட்சியும் ஒரே காரணத்தின் இரண்டு காரியங்களாகும்.

அக்குழு 2022-ல் வெளியிட்ட அறிக்கையில் நம் கவனத்தை ஈர்க்கும் விஷயம் மற்றொன்று உண்டு. உலகில் 330 கோடி முதல் 360 கோடி வரையிலான ஜனங்கள் இம்மாறுதலால் மிகவும் எளிதில் தாக்கப்படும் நிலையில் வாழ்கின்றனர் என்று அது கூறுகிறது. 2010 முதல் 2020 வரை வெள்ளம், வறட்சி, புயல் ஆகியவற்றால் நேர்ந்த மரணங்கள், பாதுகாப்பு மிகுந்த பிரதேசங்களைக் காட்டிலும் இத்தகைய எளிய பிரதேசங்களில் 15 மடங்கு அதிகமாக இருந்தனவாம். காற்றும் மழையும் ஏழை என்றும் பணக்காரர் என்றும் பார்ப்பதில்லை. கூரையும் சாலையும் ஆஸ்பத்திரியும் முன்னெச்சரிக்கையும் யாருக்கு இருக்கின்றன என்பதைப் பொறுத்தே மரணத்தின் கணக்கு அமைகிறது. அந்தக் கணக்கை மாற்றுவது மனிதரால் ஆகக்கூடிய காரியம்.

இதற்கு வங்காள தேசமே சான்று. 1970 நவம்பரில் அந்நாட்டுக் கரையைத் தாக்கிய புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டனர். 1991-ல் அடித்த புயலில் சுமார் 1,38,000 பேர் மாண்டனர். 2007-ல் வந்த ‘சிடர்’ என்ற பெரும் புயலில் இறந்தவர் தொகை சுமார் 3,400. ஒவ்வோர் உயிரும் விலைமதிப்பற்றதே என்றாலும், லட்சக்கணக்கு ஆயிரக்கணக்காகக் குறைந்தது எவ்வாறு? 1972-ல் செஞ்சிலுவை இயக்கத்தினரும் அந்நாட்டுச் சர்க்காரும் சேர்ந்து ஏற்படுத்திய புயல் தயார்நிலைத் திட்டமும், கிராமந்தோறும் ஒலிபெருக்கியும் கொடியும் ஏந்திச் சென்ற தொண்டர்களும், கரையோரத்தில் எழும்பிய புகலிடங்களும் அம்மாறுதலைச் செய்தன.

ஆயினும் 1991-ம் ஆண்டுப் புயல் ஒரு கசப்பான பாடத்தைக் கற்பித்தது. அதில் ஆண்களைவிடப் பெண்களே பன்மடங்கு அதிகமாக மாண்டனர். எச்சரிக்கை பல ஊர்களுக்கு எட்டியே இருந்தது. ஆனால் கணவன் வராமல் வீட்டை விட்டுப் புறப்படத் தயங்கியவர்கள் பலர். குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் விட்டு வர மனமில்லாதவர்கள் பலர். அந்நிய ஆடவர் நிறைந்த புகலிடத்தில் தனி இடமில்லையே என்று கூசியவர்கள் பலர். புயல் எங்கே கரையேறும் என்று சொல்லும் சாஸ்திரம் இதனைச் சொல்லாது. வீடு வீடாகச் சென்று, திண்ணையில் அமர்ந்து, பொறுமையோடு கேட்டறிந்தவர்களே இதனைச் சொல்ல முடிந்தது. நிவாரண வேலைக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதனினும் தக்க விடை வேறில்லை.

பழைய பாடம்

நம் நாட்டிற்கு இக்கருத்துப் புதிதன்று. 1864-ல் கல்கத்தாவைப் புயல் அழித்ததும், 1866-லும் 1871-லும் பருவமழை பொய்த்ததுமே 1875-ல் இந்திய வானிலை ஆராய்ச்சி இலாகா தோன்றியதற்குக் காரணம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் பல லட்சம் பேர் மடிந்தனர். அப்பொழுது வந்த ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை செய்பவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசுமே போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ் அதனை எதிர்த்தார். அவர் வெறுங் கருணை பேசவில்லை. உழைக்கும் உடலுக்கு எவ்வளவு ஆகாரம் வேண்டும், முகாம்களில் மனிதர் எவ்விதம் மெலிகின்றனர் என்பதைக் கணக்காக எடுத்துக் காட்டினார். 1877-ல் கூலி உயர்த்தப்பட்டது. அறிவு இரக்கத்தைப் பிரிந்தால் ஒரு ராத்தல் தானியத்தில் சிக்கனம் பார்க்கும். இரக்கத்தோடு சேர்ந்தால் பசித்தவனுக்காக வழக்காடும். இரண்டிற்கும் அந்தப் பஞ்சமே சாட்சி.

பின்னர் 1878-ல் அமைந்த பஞ்சக் கமிஷனின் அறிக்கையைத் தொடர்ந்து 1883-ல் பஞ்ச விதிகள் வகுக்கப்பட்டன. தானிய விலை ஏறுதல், ஜனங்கள் கூட்டங் கூட்டமாக ஊரை விட்டு அலைதல் முதலிய அறிகுறிகளைக் கவனித்து, சோதனை வேலைகளைத் திறந்து பார்த்து, பஞ்சத்தை முன்கூட்டி அறிய வேண்டும் என்பது அவ்விதிகளின் சாரம். அந்நிய ஆட்சியினர் அவ்விதிகளைப் பலமுறை கைவிட்டனர் என்பது வேறு விஷயம். அறிகுறியைக் கண்டு துன்பம் முற்றுமுன் செயலில் இறங்க வேண்டும் என்ற கருத்து அவற்றில் இருந்தது என்பதே இங்கு நாம் அறிய வேண்டுவது.

மாணாக்கரை ஆராய்ச்சிக்கு அனுப்பும் வழக்கமும் நமக்கு உரியதே. சென்னைச் சர்வகலாசாலையில் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக 1915-ல் அமர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணாக்கரிடம் கேள்வித்தாள்களைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் அறிந்த கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் எத்தனை, கிணறு எத்தனை, கூலி என்ன, கடன் எவ்வளவு என்று அவர்கள் எழுதி வந்த விவரங்கள் 1918-ல் நூலாக வெளிவந்தன. தென்னார்க்காட்டு இருவேல்பட்டும், தஞ்சைப் பாலக்குறிச்சியும், திருநெல்வேலிக் கங்கைகொண்டானும், ராமநாதபுரம் ஜில்லா வடமலைபுரமும், வடஆர்க்காட்டுத் தூசியும் இவ்வாறு ஆராயப்பட்ட ஊர்களாகும். சுமார் 20 ஆண்டுகளுக்குப் பின் பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. ஸி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மறுபடியும் ஆராயச் செய்தனர். அதற்குப் பின்னரும் ஆராய்ச்சியாளர் அவ்வூர்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்றிருக்கின்றனர். ஒரு முறை பார்த்தால் ஊரின் நிலை தெரியும். பல முறை பார்த்தால்தான் மாறுதல் தெரியும். பருவம் மாறுகிறது என்று சொல்லும் இக்காலத்தில், ஓர் ஊரின் கிணற்று மட்டமும் விதைக்கும் மாதமும் இரண்டு தலைமுறையில் எவ்விதம் மாறின என்பதைச் சொல்லக்கூடிய இத்தகைய கணக்கு பொக்கிஷமன்றோ!

செஞ்சிலுவைச் சங்கத்தின் புதிய முறை

1859-ல் ஸால்பெரினோ யுத்தகளத்தில் கேட்பாரற்றுக் கிடந்த காயமுற்றோரைக் கண்டு மனமுருகிய ஹென்றி டூனான் என்பவரின் முயற்சியால் பிறந்தது செஞ்சிலுவை இயக்கம். துன்பம் நேர்ந்த பிறகு ஓடிச் சென்று உதவுவதே அதன் ஆதி தர்மம். ஆனால் வெள்ளமும் புயலும் பெருகிவரும் காலத்தில் அது மட்டும் போதாதென்று உணர்ந்த அவ்வியக்கத்தினர், 2002-ல் ஹாலந்து தேசத்து ஹேக் நகரில் பருவநிலை பற்றிய தனி நிலையம் ஒன்றை நிறுவினர். விஞ்ஞானிகள் அறிந்ததைத் தொண்டர்கள் அறியும்படி செய்வதும், தொண்டர்களின் தேவையை விஞ்ஞானிகளுக்கு உணர்த்துவதும் அந்நிலையத்தின் வேலை. அமெரிக்காவிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் பருவநிலையும் சமூகமும் என்ற பாடத்தைப் பயிலும் மாணாக்கர்கள், இந்நிலையத்தின் மூலம் பல நாட்டுச் செஞ்சிலுவைக் காரியாலயங்களுக்கு ஆராய்ச்சி உதவியாளர்களாக அனுப்பப்பட்டிருக்கின்றனர். மற்ற சர்வகலாசாலைகளின் மாணாக்கரும் இவ்விதம் பணி செய்துள்ளனர்.

இச்சேர்க்கையின் பயன் 2008-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் வெளிப்பட்டது. அவ்வாண்டு மழை வழக்கத்திற்கு மிஞ்சிப் பெய்யக்கூடும் என்று பருவக் கணிப்பு கூறியது. முன்பெல்லாம் இத்தகைய கணிப்புகள் கோப்பில் அடங்கிவிடும். இம்முறை செஞ்சிலுவைச் சங்கங்களின் சம்மேளனம் வெள்ளம் வருமுன்பே உலகத்தாரிடம் நிதி வேண்டி விண்ணப்பம் விடுத்தது. போர்வைகளையும் மருந்துகளையும் பாத்திரங்களையும் ஆபத்துக்குரிய நாடுகளின் அருகே கொண்டு வைத்தது. முந்தின ஆண்டில் வாரக்கணக்கில் காத்திருந்து கிடைத்த உதவி, அவ்வாண்டில் நாட்கணக்கில் கிடைத்தது. பருவக் கணிப்பைக் கண்டு முன்கூட்டியே நிதி கோரியது அவ்வியக்கத்தில் அதுவே முதல் முறை.

இம்முறை பின்னர் ஒழுங்குபடுத்தப்பட்டது. ஆற்றின் மட்டம் இன்ன அளவைத் தாண்டும் என்று கணிப்பு வந்தால், எவரிடமும் அனுமதிக்குக் காத்திராமல், முன்னமே ஒதுக்கிய பணம் உடனே வெளிவர வேண்டும் என்பது ஏற்பாடு. 2017 ஜூலையில் வங்காள தேசத்து யமுனை நதியில் வெள்ளம் வரும் என்று அறிந்தவுடன், அது வருமுன்பே 1,039 ஏழைக் குடும்பங்களுக்கு வீதம் 5,000 டாக்கா கையில் கொடுக்கப்பட்டது. வெள்ளம் வடிந்தபின் ஆராய்ச்சியாளர் அக்குடும்பங்களையும், பணம் பெறாத மற்றக் குடும்பங்களையும் ஒப்பிட்டு விசாரித்தனர். பணம் பெற்றவர்கள் சற்று நன்றாக உண்டனர், கந்துவட்டிக் கடனில் அதிகம் விழவில்லை, மனக்கலக்கமும் குறைந்திருந்தது. 2020 ஜூலையில் உலக உணவுத் திட்டத்தினர் அதே நதிக்கரையில் 23,000-க்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு 4,500 டாக்கா வீதம் அளித்தனர். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்தோர் இதனை ஆராய்ந்தபோது, வெள்ளக் காலத்தில் ஒரு நாள் முழுதும் பட்டினி கிடக்க நேர்வது பணம் பெற்ற குடும்பங்களில் 36 சதவிகிதம் குறைந்திருந்தது தெரியவந்தது. அதே பணத்தை வெள்ளம் வடிந்த பிறகு கொடுத்திருந்தால், ஆட்டைப் பாதி விலைக்கு விற்றவனுக்கு அந்த ஆடு திரும்பி வந்திராது.

மாணாக்கர் செய்யும் வேலை

இவற்றில் மாணாக்கருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ‘இன்ன அளவு’ என்று மேலே சொன்னோமே, அந்த அளவை நிர்ணயிப்பதில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. அளவைக் குறைத்து வைத்தால் வீணாகப் பலமுறை பணம் செலவாகும். ‘புலி வருகிறது’ என்ற கதையாய் ஜனங்களும் எச்சரிக்கையை மதிக்கமாட்டார்கள். அளவை உயர்த்தி வைத்தால் பாதி ஊர் மூழ்கிய பிறகே மணி அடிக்கும். சரியான அளவை அறிய, சென்ற 30 அல்லது 40 ஆண்டுகளில் எந்தத் தேதியில் ஆற்றின் மட்டம் என்ன, அன்று எந்தக் கிராமத்தில் எத்தனை வீடு விழுந்தது, எத்தனை மாடு செத்தது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆற்றின் மட்டம் ஓர் இலாகாவில் இருக்கும்; வீடு விழுந்த கணக்கு மற்றோர் இலாகாவில் இருக்கும்; பாதி விவரம் பழைய பத்திரிகைக் கட்டுகளில் இருக்கும்; மீதி, ஊர்ப் பெரியவர்களின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கும்.

இவற்றையெல்லாம் தேடித் தொகுக்க நிவாரண ஸ்தாபன ஊழியர்களுக்கு அவகாசமில்லை. ஒரு வெள்ளம் வடிந்தவுடன் அடுத்த தீவிபத்து அவர்களை அழைக்கிறது. பேராசிரியர்களுக்கோ வகுப்பும் பரீட்சையும் உண்டு. நான்கு அல்லது ஆறு மாதம் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு அலையும் சுதந்திரமும், புதுக் கணித முறைகளில் பயிற்சியும், கால் நோவதைப் பொருட்படுத்தாத வயதும் ஒருங்கே வாய்த்தவர் மாணாக்கரே. அவர்கள் ஒரு வரைபடத்தையோ ஒரு ஜாபிதாவையோ பூர்த்தி செய்து கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் அடுத்த வெள்ளத்தின்போது எந்தத் தெருவுக்கு முதல் படகு செல்ல வேண்டும் என்பதை அந்த ஜாபிதாவே சொல்லும்.

ஆமதாபாத் நகரத்தின் அனுபவத்தைப் பாருங்கள். 2010 மே மாதத்தில் அந்நகரில் வெயில் 46.8 டிகிரி வரை ஏறியது. வெயிலால் இறந்தவர் இத்தனை பேர் என்று எவரும் அப்பொழுது சரியாகச் சொல்ல முடியவில்லை. ஏனெனில் கட்டிட வேலையில் மயங்கி விழுந்தவனுக்கு மாரடைப்பு என்றும், கிழவிக்கு மூப்பு என்றும் எழுதிவிடுவார்கள். பின்னர் ஆராய்ச்சியாளர் நகரசபையின் மரணப் பதிவுகளை எடுத்து மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட்டனர். அம்மாதத்தில் இறந்தவர் மொத்தம் 4,462 பேர். வழக்கத்தைக் காட்டிலும் 1,344 பேர் அதிகம். புழுதி படிந்த பதிவேடே பேசிற்று! காந்திநகரிலுள்ள பொதுச் சுகாதாரக் கழகத்தாரும், அமெரிக்கச் சர்வகலாசாலைகளைச் சேர்ந்தோரும் சேரிகளில் 300 குடும்பங்களை விசாரித்து, யார் யார் எக்காரணத்தால் வெயிலுக்கு அதிகம் இரையாகின்றனர் என்று கண்டறிந்தனர். இவற்றின் பேரில் 2013-ல் நகரசபை வெயில் தடுப்புத் திட்டம் வகுத்தது. இன்ன உஷ்ணம் வந்தால் இன்ன எச்சரிக்கை, ஆஸ்பத்திரியில் இன்ன ஏற்பாடு, தெருவில் இன்ன இடத்தில் தண்ணீர்ப் பந்தல் என்று முறை ஏற்பட்டது. அதன்பின் ஆண்டொன்றுக்குச் சராசரி 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டதாக ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டிருக்கிறது.

தமிழ்நாட்டுச் சர்க்கார் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போர் குடும்பத்திற்கு உதவித்தொகை அளிக்க வழி செய்திருக்கின்றனர். நல்ல ஏற்பாடே. ஆனால் வெயிலால் இறந்தான் என்று பதிவாகாத தொழிலாளியின் மனைவிக்கு அந்தத் தொகை எவ்விதம் கிடைக்கும்? பதிவேட்டைச் சரிபார்க்கும் வேலை, அவ்விதவையின் அடுப்பெரியும் விஷயமாகும்.

ஆக்ஷேபங்களும் சமாதானமும்

இம்முறையில் குற்றங்களே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. மூன்று ஆக்ஷேபங்களைக் கவனித்தேயாக வேண்டும்.

முதலாவது, மாணாக்கரின் உழைப்பைச் சம்பளமின்றிக் கொள்வது. ஐக்கிய நாடுகள் சபையின் செயலகத்திலேயே இத்தகைய இளைஞர்களுக்குச் சம்பளம் கொடாத வழக்கம் நெடுங்காலம் இருந்து கண்டனத்திற்கு ஆளாகியிருக்கிறது. சம்பளமில்லாத வேலையைத் தகப்பனார் பணமனுப்பும் பிள்ளையே ஏற்க முடியும். வெள்ளத்தில் ஒருமுறை தன் குடிசையை இழந்த வீட்டுப் பெண், எல்லோரினும் நன்றாக இவ்வாராய்ச்சியைச் செய்யக் கூடியவள். அவளுக்கு அங்கே இடமில்லாது போகும். தர்மத்தின் பெயரால் நடக்கும் ஸ்தாபனம் இவ்வநீதிக்கு இடந்தரலாகாது.

இரண்டாவது, துன்பப்பட்டவர்களைக் கேள்வி கேட்டே துன்புறுத்துவது. புயலடித்த ஊருக்கு ஒருவர் பின் ஒருவராகக் காகிதமும் கையுமாக வந்து, ‘உங்கள் வீட்டில் யார் இறந்தார்கள்? எவ்வளவு நஷ்டம்?’ என்று கேட்கிறார்கள். ஜனங்களோ பணம் வரும் என்று நம்பி, ஆறாத புண்ணைத் திரும்பத் திரும்பத் திறந்து காட்டுகிறார்கள். கேட்டவர் பட்டம் பெற்றுப் போய்விடுகிறார். ஊருக்கு ஒரு கடுதாசியும் வருவதில்லை. இது ஆராய்ச்சியன்று, சுரண்டலின் வேறொரு ரூபம்.

மூன்றாவது, செல்வ நாட்டு மாணாக்கர் ஏழை நாட்டுக்கு வந்து, மொழி தெரியாமல், மொழிபெயர்ப்பாளனை நம்பி எழுதிச் செல்வது. அவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் ‘நட்டாறு’, ‘உடைப்பு’, ‘மறுகால்’ என்று ஊரார் சொல்லும் சொற்களின் வேற்றுமையை மூன்று மாதத்தில் அறிந்துவிட முடியுமா? உள்ளூர் மாணாக்கர் இருக்க, அவர்களை வழிகாட்டியாகவும் பெட்டி தூக்கியாகவும் மட்டும் வைத்துக் கொள்வது அறிவுக்கும் பொருந்தாது, மானத்திற்கும் பொருந்தாது.

இம்மூன்று ஆக்ஷேபங்களும் திட்டம் நடைபெறும் முறையைப் பற்றியவையே அன்றித் திட்டத்தைப் பற்றியவை அல்ல. முறையைத் திருத்தினால் இவை மறையும்.

நாம் செய்ய வேண்டுவது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களில் பெய்த மழையை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செண்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பிரயாணிகள் வெள்ளத்தின் நடுவே தங்க நேர்ந்தது. அவ்வெள்ளம் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தான் ஏறிய உயரத்தைக் கறையாக எழுதி வைத்துப் போயிற்று. அடுத்த மாதம் பொங்கல். சுவருக்கு வெள்ளையடித்தால் அந்தச் சாசனம் அழிந்துவிடும். வெள்ளம் வடிந்த வாரத்திலேயே தெருத்தெருவாகச் சென்று அக்கறையை அளந்து குறித்துக் கொள்வதற்குப் பெரிய யந்திரம் எதுவும் வேண்டாம். ஓர் அளவுகோலும் ஒரு நோட்டுப் புத்தகமும் பயிற்சி பெற்ற 50 மாணாக்கரும் போதும். அக்குறிப்புகள் இருந்தால், எந்தக் குளம் உடைந்தால் எந்தத் தெரு எத்தனை அடி மூழ்கும் என்பதை அடுத்த தலைமுறை அறியும்.

இதற்கு வேண்டிய சாதனங்கள் நம்மிடம் இல்லாமற் போகவில்லை. திருநெல்வேலியில் சர்வகலாசாலை இருக்கிறது. கிள்ளிகுளத்தில் விவசாயக் கல்லூரியும், தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரியும் இருக்கின்றன. விவசாயக் கல்லூரி மாணாக்கர் படிப்பின் இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி அனுபவம் பெறும் வழக்கம் இன்றும் உண்டு. 1969-ல் தோன்றிய நாட்டு நலப்பணித் திட்டம் கல்லூரிதோறும் நடைபெறுகிறது. இவற்றையெல்லாம் ஒரு நோக்கத்தில் சேர்ப்பதே பாக்கி. மரம் நடுவதும் கோயில் வளாகத்தைப் பெருக்குவதும் நல்ல காரியங்களே. ஆனால் படித்த பிள்ளைகளிடம் நாடு எதிர்பார்க்க வேண்டிய சேவை அவ்வளவோடு நிற்கலாகாது.

இவ்வேற்பாட்டிற்குச் சில நிபந்தனைகள் இன்றியமையாதவை. ஆராய வேண்டிய கேள்வியை நிவாரண வேலை செய்வோரும் ஊராரும் சொல்ல வேண்டும். பேராசிரியரின் விருப்பத்திற்காக மட்டும் கேள்வி பிறக்கலாகாது. மாணாக்கருக்குச் சாப்பாட்டிற்கும் பிரயாணத்திற்கும் போதுமான உபகாரச் சம்பளம் அளிக்க வேண்டும். கலாசாலையில் ஒருவரும் ஸ்தாபனத்தில் ஒருவருமாக இரண்டு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். வெள்ளம் ஓடும்போது பயிற்சியற்ற பிள்ளைகளை அதனுள் அனுப்பலாகாது. அது மீட்பாளரின் வேலை. பெண்களிடம் பேசப் பெண் மாணாக்கர் செல்ல வேண்டும். ஒருவர் கேட்டறிந்த விவரத்தை மற்றவர் மறுபடியும் சென்று கேளாதபடி, குடும்பங்களின் பெயரை மறைத்து, ஜில்லாக் காரியாலயத்தில் ஒரு பொதுத் தொகுப்பு வைக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, முடிந்த ஆராய்ச்சியின் சாரத்தைத் தமிழில் நான்கு பக்கங்களில் அச்சிட்டு, அந்த ஊரின் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். தாம் சொன்னது பிழையாக எழுதப்பட்டிருந்தால் திருத்தும் உரிமை ஊராருக்கு உண்டு.

பரீட்சை முறையிலும் சிறு மாறுதல் வேண்டும். இன்று பட்டத்திற்காக எழுதப்படும் கட்டுரைகளில் பல, முந்தின ஆண்டுக் கட்டுரையின் பிரதியாக இருப்பதைப் பேராசிரியர்களே அறிவார்கள். அவற்றைப் படிப்பவர் பரீட்சகர் ஒருவர்தாம். சில சமயம் அவரும் படிப்பதில்லை. ஒரு தாலூகாவின் வெள்ள வரைபடத்தைச் சரியாகத் தயாரித்து, அதனைத் தாசில்தாரும் மீனவர் சங்கமும் உபயோகிக்கும்படி செய்த மாணவிக்கு, அக்கட்டுரையை எழுதியவருக்குரிய மதிப்பெண்ணை ஏன் அளிக்கலாகாது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியோர் சொன்னது கல்வியை இகழ்வதற்காக அன்று. சுரைக்காயைத் தோட்டத்தில் விளைவிக்கச் சொன்னார்கள்.

இளைஞர்களின் மனநிலையையும் இங்கே கருத வேண்டும். உலகம் சூடேறுகிறது, கடல் உயர்கிறது என்று நாள்தோறும் கேட்டுவரும் அவர்களில் சிலர் சோர்வடைகின்றனர். சிலர் எதுவும் செய்ய முடியாதென்று விட்டேற்றியாகின்றனர். உலகம் முழுவதையும் காப்பாற்றும் பாரத்தை ஒரு மாணவன் தலையில் ஏற்ற முடியாது. ஆனால் ஒரு கிராமத்தில் நடக்க இயலாத முதியோர் எத்தனை பேர், அவர்கள் எந்த வீட்டில் இருக்கின்றனர், அவர்களைத் தூக்கிச் செல்ல யார் பொறுப்பு என்ற ஜாபிதாவை அவன் பூர்த்தி செய்ய முடியும். அடுத்த புயலில் அவர்களில் ஒருவர் பிழைத்தால், அவன் கற்ற கல்வி பலித்தது.

சர்வகலாசாலைகளின் நிர்வாகிகளும், ஜில்லாக் கலெக்டர்களும், செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளைகளும் ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்தால் இவ்விஷயத்தை ஒரு பருவத்திற்குள் தொடங்கிவிடலாம். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் அக்டோபரில் வந்துவிடுகிறது. அது நம் கமிட்டிகளின் தீர்மானத்திற்காகக் காத்திராது. வெள்ளம் வருமுன் அணை கோலுவது விவேகம். அந்த அணை எங்கே வேண்டும், எவ்வளவு உயரம் வேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று அளந்து சொல்லும் வேலையை நம் பிள்ளைகளிடம் ஒப்படைப்போமாக.